உங்கள் பகுதியின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு கருவி: முதன்முறையாக இறங்கும் இளைஞர்களுக்கு வழிகாட்டி

தண்ணீருக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வேகத்தோடு வரும் இளைஞர்களில் பலர், முதல் வேலையாக ஒரு சென்சாரை வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்து எதை அளக்கலாம் என்று பிறகுதான் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன்பு ஒரு கேள்வியை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்: நான் செய்யப்போகும் கருவி காட்டுவதைப் பார்த்து யார், என்ன முடிவெடுப்பார்? ஒரே வாக்கியத்தில் இதற்குப் பதில் எழுத முடிந்தால் உங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது. முடியாவிட்டால் இருப்பது ஆர்வம் மட்டும்தான்.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வங்கதேசத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்காக 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்திருப்பது 1993இல் தெரியவந்தது. நிறம், மணம், சுவை எதிலும் காட்டிக்கொடுக்காத நஞ்சு அது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைக் களத்திலேயே சோதித்து, வரம்புக்குள் இருந்தவற்றின் குழாய்க்குப் பச்சையும் மீறியவற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். ஆர்செனிக்கின் அளவு எத்தனை மைக்ரோகிராம் என்று எந்தக் குடும்பமும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. குடத்தோடு வருபவர் நிறத்தைப் பார்த்தார். பலர் பக்கத்தில் இருந்த பச்சைக் குழாய்க்கு மாறினார்கள். வேதியியல் முடிவை ஒரு மனிதரின் அன்றாட முடிவாக மாற்றியது அந்தப் பெயிண்ட். ஆனால் பெயிண்ட் மங்கும். புதிய கிணறுகள் தோண்டப்படும், சோதிக்கப்படாமலே பயன்பாட்டுக்கும் வந்துவிடும். அங்கே அதுவும் நடந்தது. இந்த இரண்டாவது பகுதியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதல் படி: பிரச்சினையைச் சுருக்குங்கள்

'நீர் மாசு' என்பது திட்டத்தின் பெயராக இருக்க முடியாது. ஒரு நீர்நிலை, ஒரு குறை, ஒரு பயனாளர் என்று குறுக்குங்கள். எடுத்துக்காட்டாக: "மழைக்குப் பிறகு ஆற்றில் கலங்கல் ஏறும்போது, நீரேற்று நிலையத்தின் பம்பை நிறுத்துவதற்காக ஆபரேட்டருக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும்." இதில் யார், எப்போது, என்ன செய்வார் என்ற மூன்றும் இருக்கின்றன. "ஆற்றின் தரத்தை நேரலையில் கண்காணிக்கும் அமைப்பு" என்பதில் மூன்றுமே இல்லை. கேட்பதற்கு மட்டும் பெரிதாக இருக்கிறது.

குறை எல்லாமே மாசு என்றும் நினைக்க வேண்டாம். குழாயில் கசிவு, ஏரியில் படியும் வண்டல், நிலத்தடி நீர்மட்டம் சரிவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் நேரம் தெரியாமல் காத்துக்கிடப்பது ஆகிய எல்லாம் தொழில்நுட்பம் உதவக்கூடிய இடங்கள்தாம். முதன்முறை இறங்குபவர்களுக்கு நீர்மட்டம், கசிவு போன்ற அளவுச் சிக்கல்களையே நான் பரிந்துரைப்பேன். அங்கே தவறு நேர்ந்தால் யாரும் நோய்வாய்ப்பட மாட்டார்கள்.

இரண்டாம் படி: தண்ணீரோடு வாழ்பவர்களிடம் பேசுங்கள்

வால்வைத் திறந்து மூடும் பணியாளர், தண்ணீர் சுமக்கும் பெண்கள், மீனவர், விவசாயி, ஆய்வுக்கூட உதவியாளர் ஆகியோர் பல ஆண்டுகளாகத் தலையில் சேர்த்துவைத்திருக்கும் தகவல் எந்தத் தரவுத்தளத்திலும் கிடையாது. எந்த மாதத்தில் வாடை வருகிறது, எந்தக் குழாயில் காலையில் மட்டும் நீர் பழுப்பாக விழுகிறது, மீன்கள் எப்போது மேலே வந்து வாய் பிளக்கின்றன என்று கேளுங்கள். உங்கள் யோசனையைச் சொல்லி "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக இந்தப் பிரச்சினை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் உங்கள் கருவிக்கு இடம் இருக்கிறதா என்பது தெரியும்.

அதோடு, இதே சிக்கலுக்கு வேறெங்காவது என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். முற்றிலும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ், குடிநீரில் ஈயத்தைக் கண்டறியும் கருவியை வடிவமைத்து 2017இல் அந்நாட்டின் இளம் விஞ்ஞானிகளுக்கான போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 11. ஆபத்தான வாயுக்களைக் கண்டறியக் கார்பன் நானோகுழாய்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, அதையே தண்ணீருக்குக் கொண்டுவர முடியாதா என்று யோசித்தார். அயர்லாந்தின் ஃபியோன் ஃபெரேரா, நீரிலிருந்து நுண் பிளாஸ்டிக்கைக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் முறைக்காக 2019இல் கூகுள் அறிவியல் கண்காட்சியின் முதல் பரிசைப் பெற்றார். அவருக்குத் தூண்டுதலாக இருந்தது எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யும் ஒரு முறை. இருவருமே வேறொரு துறையில் இருந்த விடையைத் தங்கள் கேள்விக்கு அழைத்துவந்தவர்கள்.

நீர்நிலைக்குப் போகும் முன்

ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஆழமான நீரருகே உயிர்காப்பு அங்கி அணியுங்கள். நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரில் வெறுங்கையை விடாதீர்கள். கிணறு, மூடிய தொட்டி, ஆள்துளை ஆகியவற்றுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். அங்கே தேங்கும் வாயு நொடிகளில் மயக்கமடைய வைக்கும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்துக் கொல்லும். மாதிரியைக் கயிறு கட்டிய வாளியாலும் நீண்ட கம்பாலும் எடுக்கலாம். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

மூன்றாம் படி: கருவிக்கு முன்பு கையால் அளவுங்கள்

ஒரு பருவமாவது கையால் அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தகட்டில் கறுப்பு வெள்ளைக் கால்பகுதிகளை வரைந்து கயிற்றில் கட்டி இறக்கினால், எந்த ஆழத்தில் அது கண்ணிலிருந்து மறைகிறதோ அதுவே ஏரியின் தெளிவுக்கு அளவு. இத்தாலியரான ஆஞ்செலோ செக்கி 1865இல் தொடங்கிவைத்த இந்த முறையை இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மலக்கலப்பு இருக்கலாம் என்று எச்சரிக்க, நீர் கறுப்பாக மாறுவதை வைத்துச் சொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனை உண்டு. இந்திய ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறை அது. உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும் என்றாலும் முதல் சல்லடையாகப் பயன்படும்.

மாதிரி எடுப்பதிலேயே பாதித் திட்டங்கள் தோற்றுவிடுகின்றன. எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எடுக்கும் முறை மாறும். உப்பு, நைட்ரேட் போன்றவற்றுக்கு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். பாக்டீரியாவுக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டிலை அலசவே கூடாது. மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. குளிர்ச்சியாக, வெளிச்சம் படாமல் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். குழாயிலிருந்து ஈயம் கரைகிறதா என்று பார்க்க, இரவு முழுவதும் தேங்கி நின்ற முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடித்தால் நீங்கள் தேடிய ஈயம் சாக்கடையில் போயிருக்கும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஆற்றில் அளந்தாலும் சுத்திகரிப்பு நிலையத்தில் அளந்தாலும் அது தெரிந்திருக்காது. நகரவாசிகள் தங்கள் வீட்டுக் குழாயில் எடுத்தனுப்பிய மாதிரிகள்தாம் பின்னர் உண்மையை வெளிக்கொண்டுவர உதவின.

நேரமும் முக்கியம். பாசி நிறைந்த குளத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும்; இரவெல்லாம் சுவாசத்தில் செலவாகி விடியலுக்குச் சற்று முன்பு அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வகுப்பு முடிந்து மாலை நான்கு மணிக்குப் போய் அளப்பவருக்குக் குளம் ஆரோக்கியமாகவே தெரியும். தானியங்கிக் கருவிக்கு உண்மையான தேவை இருக்கும் இடம் இது. மனிதர் போக முடியாத நேரத்தில் அது விழித்திருக்கும்.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை

டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருக்கும் திடப்பொருட்களின், பெரும்பாலும் உப்புகளின், மொத்த அளவு. மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதற்கான மீட்டரைத்தான். ஆனால் இது கரைந்த உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரையிலான ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. பாக்டீரியாவும் பூச்சிக்கொல்லியும் அதற்குத் தெரியாது. ஆர்செனிக்கும் தெரியாது. குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டர் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று காட்டும் நீரில், அது இரண்டு சதவீதம் தவறினாலே 8 மில்லிகிராம் விலகிவிடும். அந்த விலகலே ஆர்செனிக் வரம்பைப்போல் 800 மடங்கு. ஆகவே டிடிஎஸ் மீட்டரைக் காட்டி "இந்தத் தண்ணீர் பாதுகாப்பானது" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கடல்நீர் உட்புகுவதையும், கழிவு திடீரென்று கலப்பதையும், கோடையில் உப்பு ஏறுவதையும் கவனிக்க அது அருமையான கருவி. அந்த வேலைக்கு மட்டும் வையுங்கள்.

நான்காம் படி: முன்மாதிரி செய்வது

கருவியின் மூளைக்கு ஆர்டுயினோ அல்லது ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு கணினிப் பலகை, போதும். மின்சாரம் இல்லாத இடத்தில் பேட்டரியும் சிறிய சோலார் பேனலும். செல்பேசி சிக்னல் வராத இடத்தில், குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் தூரம் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ. எதுவும் இல்லாவிட்டால் மெமரி கார்டில் பதிந்துவைத்து வாரம் ஒருமுறை எடுத்துவந்தாலும் குறையில்லை. முடிவு வாரம் ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது என்றால் நொடிக்கு நொடி தகவல் யாருக்கு வேண்டும்?

மின்னணுப் பகுதியைவிடத் தண்ணீர்தான் உங்களைச் சோதிக்கும். சில இடங்களை முன்பே சொல்லிவைக்கிறேன்.

வெப்பநிலையை அளக்காமல் வேறெதையும் அளக்காதீர்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மின்கடத்துத்திறன் சுமார் இரண்டு சதவீதம் ஏறும். அதனால்தான் எல்லா அளவுகளையும் 25 டிகிரிக்கு மாற்றி எழுதுகிறார்கள். ஒலியலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் மீயொலி சென்சாருக்கும் இதே கதைதான். காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. காலையில் 20 டிகிரியும் நண்பகலில் 40 டிகிரியுமாக இருக்கும் தொட்டியில், மூன்று மீட்டர் தூரத்தை அளக்கும்போது சுமார் 10 சென்டிமீட்டர் பிழை வரும். யாரும் ஒரு குடம்கூட எடுக்காமலே தொட்டியில் நீர் ஏறி இறங்குவதுபோல வரைபடம் ஆடும். திருத்தச் சூத்திரம் நிரலில் ஒரே வரிதான். வெப்பநிலை சென்சார் இருக்க வேண்டும், அவ்வளவே.

நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மின்முனையும் மின்கடத்துத்திறன் மின்முனையும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றின் அளவைக் கெடுக்கும். தனித்தனியே சரியாக வேலை செய்தவை சேர்த்து வைத்ததும் தாறுமாறாகக் காட்டுவது இதனால்தான். ஒன்றை அளக்கும்போது மற்றதன் மின்னிணைப்பை முழுவதும் துண்டியுங்கள். அல்லது மின்தனிமைப்படுத்தும் சர்க்யூட்டைப் பயன்படுத்துங்கள். பிஎச் மின்முனையைக் காயவும் விடக் கூடாது, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கவும் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். கருவி காட்டும் எண்ணைச் சரிபார்த்துத் திருத்தும் அளவுத்திருத்தத்துக்கு, பிஎச் அளவு 4, 7, 10 என்று நிலையாக இருக்கும் தாங்கல் கரைசல்கள் இருக்கின்றன. 7இல் தொடங்கி, உங்கள் நீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் கரைசலில் முடியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வழவழப்பு. நீரில் மூழ்கிய எந்தப் பொருளின் மேலும் சில நாட்களில் நுண்ணுயிர்ப் படலம் படியும். பிறகு பாசி, பிறகு நத்தை. கலங்கலை அளக்கும் ஒளி சென்சாரின் கண்ணாடி மூடிக்கொண்டால், தெளிந்த ஓடையும் சேறாகத் தெரியும். அளவு நாளுக்கு நாள் மெதுவாக ஒரே திசையில் நகர்ந்தால், ஆறு மாறுகிறது என்று அறிக்கை எழுதும் முன்பு சென்சாரைத் துடைத்துப் பாருங்கள். துடைத்ததும் எண் குதித்தால் மாறியது ஆறல்ல. துடைக்கும் முன் ஒரு அளவு, துடைத்த பின் ஒரு அளவு என இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இடைப்பட்ட நாட்களின் தரவைத் திருத்த அது மட்டுமே உதவும்.

ஐந்தாம் படி: ஒப்பிட்டுப் பாருங்கள்

உங்கள் கருவியும் நம்பகமான ஆய்வுக்கூடமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியை அளக்க வேண்டும். மழைக்கு முன், மழையின்போது, நீண்ட வெயிலுக்குப் பின் என நீரின் எல்லா முகங்களிலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரியை இரண்டு பாட்டில்களாகப் பிரித்து அனுப்புங்கள். தூய நீரையும் ஒரு பாட்டிலில் அடையாளம் சொல்லாமல் சேர்த்தனுப்புங்கள். இரட்டையர் இருவரும் ஒத்துப்போகிறார்களா, தூய நீர் தூயதாகவே வந்ததா என்று பார்த்தால் உங்கள் மாதிரி எடுக்கும் முறைக்கே மதிப்பெண் கிடைத்துவிடும். பொருந்தாத புள்ளிகளை வரைபடத்திலிருந்து நீக்காதீர்கள். அவற்றைப் பற்றித்தான் நல்ல நடுவர் முதலில் கேட்பார்.

சுத்திகரிப்புக் கருவி செய்கிறீர்களா?

அளக்கும் கருவி தவறினால் ஒரு எண் தவறும். சுத்திகரிக்கும் கருவி தவறினால் ஒருவர் குடிப்பது தவறும். ஆகவே, தகுதியான ஆய்வுக்கூடம் சான்றளிக்கும்வரை உங்கள் வடிகட்டியிலிருந்து வரும் நீரை நீங்கள் உட்பட யாரும் குடிக்கக் கூடாது. "99 சதவீதம் நீக்குகிறது" என்ற வாசகத்திலும் மயங்க வேண்டாம். ஒரு லட்சம் பாக்டீரியா இருந்த நீரில் 99 சதவீதம் போனாலும் ஆயிரம் மீதி இருக்கும்; குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கலப்பைக் காட்டும் இ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எந்த மாசு என்று தெரியாமல் தீர்வைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை மோசமாகவும் கூடும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் கலந்தபோது, லட்சக்கணக்கானோருக்குக் குழாய்நீரைக் குடிக்கத் தடை வந்தது. அந்த அறிவிப்பில் இருந்த முக்கியமான வரி, கொதிக்கவைக்காதீர்கள் என்பது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும், நஞ்சு அப்படியே தங்கிச் செறிவு கூடும். நைட்ரேட்டும் ஆர்செனிக்கும்கூட அப்படித்தான். கொதிக்கவைப்பது கிருமிகளுக்கான மருந்து, எல்லாவற்றுக்குமான மருந்தன்று.

நீக்கிய மாசு எங்கே போகிறது என்பதையும் வடிவமைப்பிலேயே எழுதுங்கள். ஆர்செனிக்கை உறிஞ்சிய வடிகட்டிப் பொருளை வயலில் கொட்டினால் நீங்கள் எதையும் தீர்க்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள்.

முடிவுகளை யாரிடம் சொல்வது

ஒரு கிணற்றில் ஆபத்தான அளவு தெரிந்தால், மறுபடி சோதித்து உறுதி செய்து, முதலில் அதைப் பயன்படுத்தும் குடும்பத்திடம் நேரில் சொல்லுங்கள். பிறகு உள்ளூர் நீர் விநியோகத்துக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பான அலுவலகத்திடம். சமூக ஊடகம் கடைசி. யாருடைய கிணறு என்று அடையாளம் தெரியும்படி அவர்கள் சம்மதமில்லாமல் வரைபடத்தில் போடாதீர்கள். மாற்று நீர் எங்கே கிடைக்கும் என்பதையும் விசாரித்துக்கொண்டு போங்கள். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவது நியாயமில்லை.

ஆறாம் படி: போட்டியும் அதற்குப் பிறகும்

ஸ்டாக்ஹோம் இளையோர் நீர் விருது 1997 முதல் வழங்கப்படுகிறது. 15 முதல் 20 வயது வரையிலானவர்கள் தங்கள் நாட்டின் தேசியச் சுற்றில் வென்று அங்கே போகலாம். நீர் வல்லுநர்கள் கேள்வி கேட்கும் அந்த அனுபவத்துக்காகவே விண்ணப்பிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் போட்டிக்கான தேதியை வைத்துத் திட்டத்தை வடிவமைக்காதீர்கள். மேடையில் ஒரு மணி நேரம் ஓடும் கருவிக்கும், ஆற்றங்கரையில் ஒரு மழைக்காலம் தாங்கும் கருவிக்கும் வெகுதூரம்.

2000களில் தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில், குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நீர் ஏறும் பம்புகள் பெரும் பாராட்டோடு நிறுவப்பட்டன. பரிசுகளும் நிதியும் குவிந்தன. குழந்தைகள் நாள் முழுக்க விளையாடவில்லை. பல இடங்களில் பெண்கள்தாம் அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆளில்லை, பாகமில்லை. சில ஊர்களில் ஏற்கெனவே நன்றாக ஓடிய கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள். வங்கதேசத்துப் பெயிண்ட் மங்கியதும் இங்கே சக்கரம் நின்றதும் ஒரே காரணத்தால்தான்: நிறுவிய பிறகு தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு நடைமுறையில் யார் கையிலும் நிலைக்கவில்லை.

எனவே ஒப்படைக்கும்போது ஒரே பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும், அளவுத்திருத்தம் எப்போது, எந்தப் பாகம் முதலில் பழுதாகும், அது எங்கே கிடைக்கும், ஆண்டுக்கு என்ன செலவு, அதை யார் தருவார், கருவி நின்றுபோனால் பழைய முறைக்கு எப்படித் திரும்புவது. கருவி அமைதியாக இறந்துவிடாமல், அளக்க முடியாதபோது "அளவு இல்லை" என்று காட்டும்படி நிரலை எழுதுங்கள். கடைசி எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டும் கருவி ஆபத்தானது. வரைபடங்களையும் நிரலையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள், வேலை செய்யாமல் போன வடிவங்களையும் சேர்த்து. பிறகு, பொறுப்பேற்கும் நபர் உங்கள் உதவியில்லாமல் ஒருமுறை கருவியைக் கழற்றித் துடைத்து, அளவுத்திருத்தம் செய்து, மறுபடி பொருத்தும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே வடிவமைப்பை மாற்றுங்கள்.